பத்துக்கு ஆறு போட்டா பகையாளியா?

ஏங்கண்ணு, சித்தெ இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வை, ஓடிப் போகாது.

மளிகைக் கடைக்காரங்க கடன் கணக்கு எழுதறதுக்கு நீ என்னமோ செயலி பண்ணியிருக்கறயாமா. உன்ற அம்மா சொல்லுச்சு. சந்தோசம். ஆபீசுச் செவுரு முச்சூடும் மஞ்சளும் ரோசுமா காயிதம் ஒட்டி வெச்சிருக்கீங்களாமா. நட்ட நடுவுல ‘வாடிக்கையாளரே எங்கள் வழிகாட்டி’ன்னு பெருசா எழுதியிருக்குதாமா. அதைக் கேட்டதும்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அதை எழுதி வேற ஒட்டோணுமா? ‘எடை சரியாக இருக்கும்’னு எந்தக் கடையில எழுதி ஒட்டியிருக்குதோ, அந்தக் கடையில நான் தராசைக் கொஞ்சம் எச்சாவே பாப்பேன்.

இப்ப ஊர்ல எவனைப் பாத்தாலும் கருத்துக் கேக்கறான். பேங்குல பணம் எடுத்துட்டுப் படியெறங்கறதுக்குள்ள மெசேஜ் வருது, ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ன்னு. என்ற பணத்தை என்றகிட்டயே கொடுத்ததுக்கு என்னத்தைச் சொல்றது? கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டு ஒரு கண்ணுல கட்டோட வெளிய வாரேன். ஒரு அம்மிணி சிலேட்டு சைசுல ஒண்ணை நீட்டி, “தாத்தா, இதுல சிரிக்கற மூஞ்சி இருக்குது, மொறைக்கற மூஞ்சி இருக்குது, ஒண்ணைத் தொடுங்க”ங்குது. எது எந்த மூஞ்சின்னு தெரிஞ்சா நான் ஏஞ்சாமி அந்த ஆஸ்பத்திரிக்குப் போறேன்?

சோறு கொண்டாந்து கொடுக்கற பையன் இன்னும் பாவம். வேர்த்து வடிய வாசல்ல நிக்கறான். “அய்யா, அஞ்சு ஸ்டார் போட்டுருங்க, நாலு போட்டா எனக்குத்தான் கஷ்டம்”ங்கறான். போட்டுத் தொலைச்சேன். சாம்பார் ஆறிப் பச்சத்தண்ணியா இருந்துச்சு. அந்த அஞ்சு ஸ்டாரு சாம்பாருக்கு விழுந்துச்சா, பையன் வேர்வைக்கு விழுந்துச்சா? உன்ற கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு ‘சாம்பார் அருமை’ன்னு கூட்டி எழுதிக்கும். மேல இருக்கறவரு அதைப் பாத்து, சாம்பாரு கரண்டிக்கு ரண்டு ரூபா ஏத்துவாரு.

இந்தப் பத்துக்கு எத்தனைங்கற கேள்வி எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல பெயின்னு ஒரு ஆலோசனைக் கம்பெனி. அதுல ஃப்ரெட் ரைக்ஹெல்டுன்னு ஒருத்தரு. 2003-ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல எழுதுனாரு. ‘எங்களைப் பத்தி உங்க நண்பருக்குச் சொல்லுவீங்களா, சுழியத்துல இருந்து பத்து வரைக்கும் ஒரு மார்க்குப் போடுங்க’ன்னு ஒரே ஒரு கேள்வி. ஒம்பதும் பத்தும் போட்டவன் உன்ற ஆளு. ஏழு, எட்டு போட்டவன் கணக்குலயே இல்லை. சுழியத்துல இருந்து ஆறு வரைக்கும் போட்டவன் உன்னையக் கெடுத்துப் பேசறவன். அதுல இதைக் கழிச்சா வாரதுதான் உன்ற யோக்கியதை.

கேள்வி நல்ல கேள்விதான். மனுசன் யோசிச்சுத்தான் கேட்டிருக்கறாரு. ஆனா பத்துக்கு ஆறு போட்டா பகையாளியா? நம்ம பக்கம் நூத்துக்கு அறுபதுன்னா முதல் வகுப்பு! உன்ற அப்பன் காலேஜுல அறுபது வாங்குனதுக்கு உன்ற அப்பாரு தெரு முச்சூடும் லட்டு கொடுத்தாரு. நான் படிச்ச காலத்துல வாத்தியாரு கட்டுரைக்குப் பத்துக்கு ஏழு போட்டாருன்னா, அவரு மகளுக்கே போட்டிருக்கறாருன்னு அர்த்தம். அந்த வாத்தியாருகிட்டப் படிச்ச சனத்துகிட்டப் போயி ஒம்பது போடு, பத்து போடுன்னா எங்கே போகும்? மனசாரப் பிடிச்சுப் போயி ஏழு போடறான். அவனை நீ கணக்குலயே சேக்க மாட்டீங்கற. அப்பறம் ‘எங்கள் வாடிக்கையாளர்களில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேர் திருப்தி’ன்னு திரையில படம் போட்டுக் காட்டறே. கேவுருல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி வேண்டாமா?

நம்மூரு கல்யாணத்துல சமையக்காரரைப் பாத்திருக்கறயா? முதல் பந்தி எந்திரிச்சதும் மனுசன் அடுப்பை உட்டுட்டு, இலையெடுத்துப் போடற எடத்துல போயி நிப்பாரு. மாப்பிள்ளையோட பெரிய மாமனைக் கேட்டா, “பிரமாதம், இப்படி ஒரு சாப்பாடு இந்த வட்டாரத்துலயே இல்லை”ம்பாரு. அவரு இலையப் பாத்தா கூட்டு வெச்சது வெச்சபடி கெடக்கும். சமையக்காரரு மாமனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு இலையத்தான் நம்புவாரு. அடுத்த பந்தியில கூட்டு வேற கூட்டா இருக்கும். வாய் சொல்றது மரியாதை. இலை சொல்றதுதான் சேதி.

இதை நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் பட்டு அனுபவிச்சாரு. அருணாசலம் முருகானந்தம். சினிமா எல்லாம் எடுத்தாங்களே, அவருதான். சினிமாவை உட்டுத்தள்ளு. அந்த மனுசன் கருத்துக் கேக்கறதுக்குப் பட்ட பாட்டைக் கேளு. உன்ற செவுத்துல இருக்கற காயிதம் எல்லாம் வெக்கப்பட்டுத் தானா உதுந்துரும்.

1998-ல கல்யாணம். ஊட்டுக்காரம்மா சாந்தி மாசத்துக்கொருக்கா பழந்துணிய மறைச்சு எடுத்துட்டுப் போறதை இவரு பாக்கறாரு. கடையில விக்கற நாப்கினை வாங்கினா பால் வாங்கற காசுல கை வெக்கோணும்னு அந்த அம்மா சொல்லுது. சரி, நாமளே பண்ணிப் பாக்கலாம்னு பஞ்சை வெச்சு ஒண்ணு தெச்சுக் கொடுக்கறாரு. கொடுத்துட்டு, எப்படி இருக்குதுன்னு அன்னைக்கே கேட்டிருக்கறாரு! அதுக்கு அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கோணும்ங்கறது மனுசனுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. நீ நொடிக்கொருக்கா எத்தனை பேரு அழுத்துனாங்கன்னு பாக்கறே. அவருக்கு மாசத்துக்கு ஒரு சொல்லு. அதுவும் ஒரே ஒரு ஆளுகிட்ட.

அக்கா தங்கச்சிககிட்டக் கேட்டாரு. முடியாதுன்னுட்டாங்க. பின்னே, எந்த ஊட்டுல இந்தப் பழமை நடக்கும்? அப்பறம் மெடிக்கல் காலேஜுப் புள்ளைககிட்டப் போனாரு. படிக்கற புள்ளைக, டாக்டருக்குப் படிக்குதுக, வெக்கப்படாதுன்னு நெனச்சாரு. நாப்கினையும் கொடுத்து, கையோட படிவத்தையும் கொடுத்தாரு. கொஞ்ச நாள் கழிச்சு வாங்கப் போனா, ரண்டு மூணு புள்ளைக உக்காந்துக்கிட்டு எல்லாரோட படிவத்தையும் வேகு வேகுனு நெரப்பிக்கிட்டு இருக்குதுக! அந்தப் புள்ளைகளைக் குத்தம் சொல்லாதே. சங்கடமான கேள்வியக் காயிதத்துல கேட்டா, காயிதத்துக்குத் தேவையான பதிலு வரும். அன்னையோட அந்த மனுசனுக்குப் படிவத்து மேல இருந்த நம்பிக்கை போச்சு.

அப்பறம் என்ன பண்ணுனாரு? கால்பந்துக்குள்ள இருக்கற பிளாடரை எடுத்து, அதுல ஆட்டு ரத்தத்தை ஊத்தி, தன்ற ஒடம்புல கட்டிக்கிட்டாரு. நாப்கினைத் தானே போட்டுக்கிட்டு நடந்தாரு, சைக்கிள் மெதிச்சாரு. துணியில கறை. நாத்தம். ஊர்ல ‘இவனுக்கு என்னமோ சீக்கு’ன்னாங்க. பேய் புடிச்சிருச்சுன்னாங்க. சாந்தி பொறந்த ஊட்டுக்குப் போயிருச்சு. பெத்த அம்மாவும் சகிக்க முடியாமப் போயிருச்சு. இத்தனையும் எதுக்கு? இது கசியுதா இல்லையாங்கற ஒரே ஒரு பதிலுக்கு.

பெரிய கம்பெனிக்காரங்க வெக்கறது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழுல இருந்து வார செல்லுலோசுன்னு கண்டுபுடிக்கறதுக்கே ரண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கோடிக்கணக்குல விக்கற எந்திரத்துக்குப் பதிலா, ஒரு லட்சம்கூட ஆகாத எந்திரத்தை அவரே பண்ணுனாரு. 2006-ல சென்னை ஐஐடியில பரிசு. 2016-ல பத்மஸ்ரீ. சாந்தியும் திரும்பி வந்துருச்சு, வெசனப்படாதே.

ஆனா எனக்குப் புடிச்சது அதுக்கப்பறம் அவரு பண்ணுனது. எந்திரத்தை மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தாரு. அந்தந்த ஊருப் பொம்பளைகளே நாப்கின் பண்ணி, அவங்களே ஒரு பேரு வெச்சு, அவங்களே விக்கறாங்க. சில ஊர்ல காசுக்குப் பதிலா வெங்காயம், உருளைக்கெழங்கு கொடுத்து வாங்கறதும் உண்டாமா. வெங்காயம் கொடுத்து வாங்குன பொம்பளை, சாமான் சரியில்லைன்னா சும்மா இருப்பாளா? மறுநாளு கெணத்தடியில பாக்கறப்ப மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடுவா. இதுக்கு ஸ்டாரும் வேண்டாம், சிரிக்கற மூஞ்சியும் வேண்டாம்.

நான் உன்னைய ஆட்டு ரத்தம் கட்டிக்கச் சொல்லலை, பயப்படாதே. நீ பண்ணுன செயலியில ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கடை மேசையில நின்னு நீயே கணக்கு எழுதிப் பாத்தியா? சொல்லு. என்ன, தலையச் சொறியறே?

உங்க ஆபீசு பலகையில ‘செல்வம், 42 வயது, மளிகைக் கடை உரிமையாளர், கிரிக்கெட் பிடிக்கும்’னு ஒரு ஆளு போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்கறாராமே. ஆரு அது? ஆரும் இல்லையாமா. கம்ப்யூட்டருல இருந்து எடுத்த படமாமா. ஆனா ஒவ்வொரு கூட்டத்துலயும் ‘இதைச் செல்வம் எப்படி எடுத்துக்குவாரு’ன்னு கேட்டுக்கறீங்களாமா. ஏங்கண்ணு, இல்லாத செல்வத்துக்கு இத்தனை மரியாதையா! உங்க ஆபீசுக்குக் கீழயே ஒரு மளிகைக் கடை இருக்குதே, அந்த அண்ணன்கிட்ட ஒருத்தராச்சும் ஒரு பாக்கெட் உப்பு வாங்கியிருக்கீங்களா? எல்லாத்தையும் போன்ல சொல்லித் தாட்டிவிடச் சொல்றீங்க.

ஜப்பான்ல டொயோட்டா கம்பெனியில யோகோயான்னு ஒரு இஞ்சினியரு. அமெரிக்காக்காரன் குடும்பத்தோட போற சியன்னாங்கற வண்டிய 2004 மாடலுக்குத் திருத்தோணும்னு அவருகிட்டச் சொன்னாங்க. மனுசன் படிவம் அனுப்பலை. வண்டியை எடுத்துக்கிட்டு அமெரிக்கா, கனடா, மெக்சிகோன்னு 53,000 மைலு சுத்திட்டு வந்தாரு. பாலத்து மேல காத்து எப்படித் தள்ளுது, சரளை மண்ணுல எப்படிக் குலுங்குது, சந்துல எப்படித் திரும்புதுன்னு எல்லாம் பாத்தாரு. முன்சீட்டுதான் அப்பன் ஆத்தாளுக்கு, பின்னாடி பூரா பொடுசுக ராச்சியம்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. அதுக்குத் தக்கன வண்டிய மாத்துனாரு. நீ பீளமேட்டுல இருந்து சிங்காநல்லூர் போகமாட்டேங்கறே.

இன்னொண்ணு கேளு. கடலூர்க்காரர் ரங்கநாதன் 1983-ல பதினஞ்சாயிரம் ரூபாயோட சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு. காலிப் பாக்கெட்டுகளைச் சேத்துக் கொண்டாந்து கொடுத்தா புதுப் பாக்கெட்டு ஒண்ணு இனாம்னாரு. மொதல்ல எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டா இருந்தாலும் சரின்னாரு, அப்பறம் சிக் பாக்கெட்டு மட்டும்தான்னாரு. குசும்பைப் பாத்தியா? ஷாம்புவுல மல்லிகை வாசம், ரோசா வாசம் கொண்டாந்தாரு. நம்ம பொம்பளைகளுக்கு என்ன வாசம் புடிக்கும்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு ஆராய்ச்சி வேணுமா என்ன? டவுன்பஸ்ஸுல பின்சீட்டுல உக்காந்தா போதும், முன்னாடி இருக்கற அத்தனை தலையும் சொல்லிப்போடும்.

சரி, போயிப் பாத்தாச்சு, கேட்டாச்சு. அப்பறம் கேட்டதை எல்லாம் பண்ணிக் கொடுத்துரலாமா? அங்கதான் உன்னாட்டம் இருக்கற பொடுசுக குப்புற உழுவுது.

கிரைண்டரை எடுத்துக்கோ. கோயமுத்தூர்ல 1955 வாக்குல சபாபதிங்கறவரு மோட்டார் வெச்ச கிரைண்டரைக் கொண்டாந்தாருன்னு சொல்லுவாங்க. ஆட்டுக்கல்லுல கை சுத்திக்கிட்டு இருந்த பொம்பளைகளுக்குப் பெரிய விடுதலை. ஆனா கல்லு கல்லுதானே? அரைச்சு முடிஞ்சதும் குழவியத் தூக்கி வெக்கோணும், குனிஞ்சு மாவை வழிக்கோணும், கழுவுன தண்ணிய மொண்டு மொண்டு எடுக்கோணும். என்ற ஊட்டுக்காரி நோம்பிக்கு நோம்பி இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, “இதைக் கண்டுபுடிச்சவன் கையில ஒருக்காலாச்சும் மாவு பட்டிருக்குமா”ன்னு திட்டுவா. அப்பறம் சாய்க்கற கிரைண்டர் வந்துச்சு. அதுக்கப்பறம் மேசை மேல வெக்கறது வந்துச்சு. தேங்காய் துருவறது, மாவு பெசையறதுன்னு ஒண்ணொண்ணா ஒட்டிக்கிச்சு. இன்னைக்குக் கோயமுத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்குது. 2011-ல அரசாங்கம் மிக்ஸி, ஃபேனோட கிரைண்டரையும் ஊடு ஊடா இலவசமாக் கொடுத்துச்சு.

இப்பச் சொல்லு, ‘எனக்குச் சாயற கிரைண்டர் வேணும்’னு எந்தப் பொம்பளை எழுதிக் கொடுத்திருப்பா? என்ற ஊட்டுக்காரி சொன்னது ‘இடுப்பு வலிக்குது’ங்கறது மட்டும்தான். சாய்க்கலாம்ங்கறது பட்டறைக்காரன் மூளை. நோவு சொல்றது அவங்க வேலை. மருந்து தேடறது உன்ற வேலை. நீ ரண்டையும் அவங்க தலையிலயே கட்டறே. ‘உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும், பட்டியலிடுக’ன்னு கேட்டா, ஒருத்தரு ராகுகாலம் காட்டச் சொல்லுவாரு. இன்னொருத்தரு மகன் போட்டோ வெக்கச் சொல்லுவாரு. உன்ற செயலியில இப்ப ராசிபலன்கூட வருதாமே? கடன் கணக்குக்கும் கன்னி ராசிக்கும் என்ன கண்ணு சம்பந்தம்?

மிக்ஸி வந்த கதையும் அப்படித்தான். மாத்தூர்னு ஒரு இஞ்சினியரு, சீமென்ஸுல வேலை. ஊட்டுல ஜெர்மன் மிக்ஸி. வெள்ளைக்காரன் பழத்தை அடிச்சுக் குடிக்கறதுக்குப் பண்ணுனது நம்ம மசாலுக்குத் தாங்குமா? மோட்டாரு போச்சு. ஊட்டுக்காரம்மா சொன்ன கொறைய அவரு காதுல வாங்குனாரு, 1963-ல சுமீத் வந்துச்சு. ஊட்டுக்காரி சொல்றதைக் காதுல வாங்கிப் பெரிய ஆளானவங்க கதை இன்னும் நெறைய இருக்குது. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அப்பறம் சொல்றேன்.

சைனாக்காரன் கதை ஒண்ணு இருக்குது. ஹையர்னு கம்பெனி. சிச்சுவான் பக்கம் ஒரு பண்ணையக்காரரு, துணி தொவைக்கற மிசினுக் கொழாய் அடிக்கடி அடைச்சுக்குதுன்னு சொன்னாரு. 1996 வாக்குல. ரிப்பேர்காரன் போயிப் பாத்தா, அந்த மனுசன் மிசினுல துணிய மட்டுமா போடறாரு? தோட்டத்துல தோண்டுன சக்கரைவள்ளிக் கெழங்கைக் கொட்டிக் கழுவறாரு! நம்மாளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? ‘கிழங்கு கழுவக் கூடாது’ன்னு செவப்பு அட்டை ஒண்ணு ஒட்டிட்டு, ரிப்பேருக்குக் காசு வாங்கிட்டு வந்திருப்பான். ஆபீசுல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். அவங்க என்ன பண்ணுனாங்க? கொழாயைப் பெருசு பண்ணுனாங்க. ரண்டு வருசத்துல கெழங்கு கழுவறதுக்குன்னே ஒரு மிசினு கொண்டாந்துட்டாங்க. அந்தப் பண்ணையக்காரரு புது மிசினு வேணும்னா கேட்டாரு? அடைக்குதுன்னு மட்டும்தான் சொன்னாரு.

அதே கம்பெனிதான், அதுக்கு முன்னாடி 1985-ல, ஒரு வாடிக்கையாளரு ஃபிரிட்ஜு சரியில்லைன்னு வந்து நின்னாருன்னு கெடங்கு முச்சூடும் பிரிச்சுப் பாத்துச்சு. 76 ஃபிரிட்ஜுல கொறை. ஃபேக்டரி மேனேஜரு ஜாங் ருயிமின், பண்ணுனவங்க கையிலயே சம்மட்டியக் கொடுத்து அத்தனையும் ஒடைக்கச் சொன்னாரு. அந்தக் காலத்துல அங்க ஒரு ஃபிரிட்ஜு வெலை தொழிலாளிக்கு ரண்டு வருசச் சம்பளம். ஒடைக்கறப்பக் கண்ணுல தண்ணி வந்திருக்கும். ‘தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்’னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருந்தா எத்தனை ஃபிரிட்ஜு மிஞ்சியிருக்கும் பாரு!

அதே 1985-ல அமெரிக்காவுல நடந்தது இதுக்கு நேரெதிர் கூத்து. கோக்ககோலாக்காரன் ருசிய மாத்தறதுக்கு முன்னாடி ஏறக்கொறைய ரண்டு லட்சம் பேருக்கு ஊத்திக் கொடுத்துக் கேட்டான். எவ்வளவு பெரிய ஆராய்ச்சி! புதுசுதான் நல்லா இருக்குதுன்னு எச்சாப் பேரு சொன்னாங்க. ஏப்ரல் மாசம் பழசை நிறுத்திட்டுப் புதுசை எறக்கினான். சனம் கொதிச்சுப்போச்சு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல போனு. மூணு மாசம்கூட ஆகலை, ஜூலையில பழசைத் திரும்பக் கொண்டாந்தான். நாக்குகிட்டக் கேட்டான் பாரு, அதுதான் தப்பு. ஒரு மடக்குக் குடிச்சவன் இனிப்பா இருக்கறதைத்தான் நல்லா இருக்குதும்பான். ‘இதைக் கொடுத்தா, நீ சின்னப் பையனா இருந்தப்பக் குடிச்சதைப் புடுங்கிக்குவேன், சரியா?’ன்னு கேட்டிருக்கோணும். கேக்கலை. லட்சம் பேருகிட்டத் தப்பான கேள்வியக் கேட்டா, லட்சம் தப்பான பதிலு கெடைக்கும். ஆனா படம் போட்டுக் காட்டறதுக்கு ரொம்ப நல்லா இருக்கும்.

நம்ம நாட்டுக்கு 1994-ல கெல்லாக்ஸ் வந்தானே, நெனப்பிருக்குதா? உனக்கெங்கே, நீ பொறக்கவே இல்லை. சோள அவலு மொறுமொறுன்னு இருக்கும்னான். நம்ம சனம் காச்சுன பாலை ஊத்துச்சு. கூழாப் போச்சு. பாலைச் சூடாத்தான் குடிப்பாங்கன்னு எந்தப் பாட்டியக் கேட்டாலும் சொல்லியிருக்கும், காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கும்.

ஆலோசனைப் பெட்டிய மறந்துட்டேன் பாரு. எந்த ஆபீசுலயும் செவுத்துல தொங்கும். பூட்டு இருக்கும். சாவி ஆருகிட்ட இருக்குதுன்னு ஆருக்கும் தெரியாது. ஓட்டையில கொளவி கூடு கட்டியிருக்கும். கருத்துச் சொல்லுங்கன்னு நீங்க கொடுக்கற ஈமெயிலும் அந்தப் பெட்டிதானே?

எதை மொதல்ல சரி பண்றதுன்னு குழம்பறயாமா. அதுக்கு ஒரு வாரம் மலைமேல ஒரு ஓட்டல்ல ரூம் போட்டு யோசிக்கப் போறீங்களாமா. போயிட்டு வாங்க, காத்து நல்லா இருக்கும். சத்தம் போடறவன் சொல்றதைத்தான் மொதல்ல செய்வீங்க, எனக்குத் தெரியும். பெரிய மொத்தக் கடைக்காரரு போன்ல ஒரு கத்து கத்துனா, பத்துப் பேரு உக்காந்து அவருக்குத் தனி நெறத்துல ரசீது பண்ணிக் கொடுப்பீங்க. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி தெரியாத நாலு சின்னக் கடைக்காரங்க ஒரே கொறையச் சொல்லியிருப்பாங்க, அது வரிசையில கெடக்கும். நானா இருந்தா ஒண்ணு பாப்பேன். எந்தக் கொறையினால மனுசன் உன்ற சாமானைக் கீழ வெச்சுட்டு வேற வழி தேடறான்? அதுதான் மொதல்ல. ரசீது நெறம் சித்திரைக்கு அப்பறம் பாத்துக்கலாம்.

நம்மூரு கடைக்கார அண்ணனையே எடுத்துக்கோ. தீபாவளி வரைக்கும் உன்ற செயலியத்தான் வெச்சிருந்தாரு. அப்பறம் எடுத்துப்போட்டாரு. உனக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்னு சொல்றேன், கேளு.

செயலியத் தொறந்ததும் ஆரு எச்சாப் பாக்கி வெச்சிருக்கறாங்களோ, அவங்க பேரு மேல செவப்பு எழுத்துல வருதில்லை? ரொம்ப அழகா யோசிச்சு வெச்சிருக்கறே. போனு கடை மேசையில மல்லாக்கக் கெடக்குது. புளி வாங்க வந்த பொம்பளை எட்டிப் பாத்துப்போட்டா. பொழுது சாயறதுக்குள்ள பெரிய ஊட்டுப் பாக்கி எவ்வளவுன்னு ஊரு முச்சூடும் தெரிஞ்சுபோச்சு. பெரிய ஊட்டுக்காரரு மறுநாளே வந்து பைசா பாக்கியில்லாமக் கட்டிட்டாரு. அன்னையில இருந்து அவரு இந்தக் கடைப்பக்கம் திரும்பறதே இல்லை, டவுன்ல போயி வாங்கறாரு. அண்ணன் உனக்கு ஒரு ஸ்டார் போட்டாரா? படிவம் நெரப்புனாரா? ஒண்ணும் இல்லை. பேசாம மறுபடியும் நீள நோட்டுக்குப் போயிட்டாரு. நோட்டைக் கவுத்து வெக்கலாம் பாரு.

கடைசியா நீ அனுப்புன மெசேஜுக்கு அவரு பத்துக்கு எட்டு போட்டாராமா. “பாவம், நம்மூருப் பையன்”னு சொன்னாரு.

இந்த மாசம் உன்ற செயலிய எத்தனை பேரு எடுத்துப்போட்டாங்க? நம்பர் எல்லாம் உன்றகிட்ட இருக்குதில்லை? மலைக்கு அப்பறம் போலாம். ஒவ்வொருத்தருக்கா நீயே போன் போடு. எதுக்கு நிறுத்துனீங்கன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கோ, எங்க செயலியில அந்த வசதியும் இருக்குதுங்கன்னு ஆரம்பிச்சிராதே. காலையில போடாதே, யாவார நேரம். மத்தியானம் மூணு மணிக்கு மேல கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, அப்பப் போடு. நல்லா நெதானமாத் திட்டுவாங்க.

போனை எடு. இப்ப மணி மூணேகால்.